மனைவி பெயரில் உள்ள வீடு



தம்பி, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வென்று பிரதேச சபைக்குள் வந்திருக்கிறீர்கள்.   நீங்கள் நிரப்ப வேண்டிய சொத்துகள், பொறுப்புகள் பற்றிய பிரகடனப் படிவத்தில் மனைவியின் சொத்தைக் கேட்கும் இடத்தில் உங்கள் பேனா தயங்கும். நம் கிழக்கிலங்கைக் கரையில் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில் குடியிருக்கிறான். வளவு உறுதி அவள் பெயரில், அவளுடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. அதை நான் ஏன் காட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த வழக்கம் இருப்பதாலேயே காட்ட வேண்டும். ஆணின் பெயரை மட்டும் பார்த்தால் இங்கே பாதிச் சொத்து கண்ணுக்குத் தெரியாது. முறையாக வந்த சீதன வீடும், ஒப்பந்தக்காரர் பணத்தில் எழும்பிய மேல்மாடியும் ஒரே உறுதிக்குள் அடங்கிவிடும். பதவியேற்றபோது அந்த வீடு எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுத்தவரிடம்தான், நாளை வீண்பழி வரும்போது, காட்ட ஒரு கடதாசி இருக்கும். கலீபா உமர் (ரழி) ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைக் கணக்கெடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுப் பெண்ணின் சொத்தைச் சந்திக்கு இழுப்பதா என்ற மனக்குறை நியாயமானது. 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கூச்சத்துக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்தது: கட்டணம் கட்டிப் பிரதி எடுக்கலாம், எடுத்ததை அடுத்தவருக்குச் சொன்னால் குற்றம். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கடதாசிகள் அலுமாரியில் கிடந்தன. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கி, அந்தரங்க விபரங்களை மறைத்துப் பிரகடனங்களை வெளியிட வழி செய்தது. மறைக்க வேண்டியது வங்கிக் கணக்கு இலக்கம். வீடு இருப்பதை ஊரே பார்க்கிறது. பெரிய கள்ளன் பினாமி பெயரில் வைப்பான், படிவம் நேர்மையானவனைத்தான் வாட்டும் என்றும் சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் இலஞ்சம் சாட்சி வைத்துக் கொடுக்கப்படுவதில்லை. பொய்ப் பிரகடனம் தன்னளவிலேயே குற்றம் என்பதால், கைமாறிய காசை நிரூபிக்க முடியாத இடத்திலும் சட்டத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

படிவத்தோடு வேலை முடிவதில்லை. வடிகான் கட்டும் ஒப்பந்தத்துக்கு உங்கள் மச்சான் விலைமனு போட்டிருந்தால், உறவைச் சபையில் சொல்லிவிட்டு வெளியே போங்கள். கூட்டறிக்கையில் அது பதியட்டும்.

மார்ச் 31 நிலவரத்தை ஜூன் 30க்குள் ஒப்படைக்க வேண்டும். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உறுதியை விரித்துப் பார்த்து, நீங்களே நிரப்புங்கள்.