வேதாகமத்தை எப்படி விளங்கிக்கொள்வது?



வேதாகம வசனத்தைக் காட்டி நமதாண்டவரையே மடக்கப் பார்த்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் பசாசு. எருசலேம் தேவாலயத்தின் உச்சியில் ஆண்டவரை நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்னான். தேவதூதர் தாங்கிக்கொள்வர் என்று 91ஆம் சங்கீதத்தில் இருப்பதையும் நினைவூட்டினான். அவன் சொன்ன வசனம் வேதாகமத்தில் உள்ளதுதான். ஆனால் அதற்கு அவன் கொடுத்த பொருள் பிழை. ஆண்டவரோ உபாகமத்திலிருந்து வேறொரு வசனத்தை எடுத்து, கடவுளைச் சோதிப்பது தகாது என்று மறுமொழி கூறினார் (மத். 4:5-7).

ஒரு வசனத்தைச் சொல்வது வேறு, அது சொல்ல வந்ததை விளங்கிக்கொள்வது வேறு என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது. இன்று நம் வீடுகளில் வேதாகமம் இருக்கிறது. அதை வாசிக்கவும் செய்கிறோம். நல்லது. ஆனால் யாராவது படலையடியில் வந்து நின்று, "இப்படித்தானே எழுதியிருக்கிறது? நீங்கள் ஏன் இப்படி நடப்பதில்லை?" என்று கேட்டால் தடுமாறிப் போகிறோம். சிலவேளை அந்தத் தடுமாற்றத்தினால் ஒரே வீட்டிலுள்ள பெற்றோரும் பிள்ளைகளும் பிரிந்துபோவதும் உண்டு. ஆகவே இதுபற்றிச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

எழுத்தை மட்டும் பற்றிக்கொள்ளுதல்

"வயிறு எரிகிறது" என்று தாய் சொன்னால் நாம் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அவள் மனம் நொந்து பேசுகிறாள் என்பது நமக்குத் தெரியும். நம் மொழி நமக்குப் பழக்கம். வேதாகமம் எழுந்த எபிரேய, அரமாயிக்க மக்களுக்கும் இத்தகைய பேச்சு வழக்குகள் இருந்தன.

தாய் தந்தையரை வெறுக்காதவன் தமக்குச் சீடனாக முடியாது என்று ஆண்டவர் கூறியதாக லூக்காஸ் எழுதுகிறார் (14:26). இதை எழுத்தின்படி எடுத்து வீட்டாரைப் பகைத்துக்கொண்டு போகலாமா? அம்மக்களின் வழக்கில், ஒன்றை மற்றொன்றிலும் குறைவாக நேசிப்பதையும் "வெறுத்தல்" என்றே சொல்வர். இதே போதனையை எழுதும் மத்தேயு, தம்மைவிட அதிகமாகப் பெற்றோரை நேசிப்பவன் என்று விளக்கமாகவே குறிப்பிடுகிறார் (10:37). அன்றியும், காணிக்கையைச் சாட்டாக வைத்துப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7:9-13). ஆக, வேதாகமத்தின் ஒரு பகுதிக்கு மற்றொரு பகுதியே விளக்காகின்றது.

அந்த விளக்கை அணைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். விசுவாசிகள் பாம்புகளைக் கையில் எடுப்பர் என்னும் வசனத்தை (மாற்கு 16:18) ஒரு கட்டளையாகக் கொண்டு, நச்சுப் பாம்புகளைக் கையிலெடுக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் பரப்பியவர் ஜோர்ஜ் வென்ற் ஹென்ஸ்லி என்னும் போதகர். 1955இல் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பாம்பு தீண்டி அவரே இறந்தார். சின்னப்பரையும் மால்டாத் தீவில் பாம்பு கடித்தது. ஆனால் அவர் பாம்பைத் தேடிச் செல்லவில்லை. விறகு பொறுக்கி, குளிருக்கு மூட்டிய நெருப்பில் இட்டபோதுதான் அது கடித்தது (அப். பணி 28:1-6).

பிறருடைய தவறை மட்டும் சொல்லி நம் தவறை மறைப்பது நேர்மையன்று. யோசுவாவின் சொற்படி சூரியன் நின்றது என்னும் பகுதியை (யோசுவா 10:12-13) எழுத்தின்படி கொண்டு, பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலேயோவை 1633இல் றோமாபுரியில் கண்டித்தவர்கள் நம் திருச்சபையினரே. அன்றைய இறையியலாளர் செய்த பிழையைப் பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் 1992 ஒக்டோபர் 31ஆம் திகதி வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

மனம்போனபடி பொருள்கொள்ளுதல்

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு தவறு உண்டு. தானியேல் ஆகமத்தில் வரும் 2,300 நாட்களை (8:14) ஆண்டுகளாகக் கணித்தார் வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க விவசாயி. அக்கணிப்பின் வழியே, ஆண்டவர் 1844 ஒக்டோபர் 22ஆம் திகதி மீண்டும் வருவார் என்று பல்லாயிரம் பேர் நம்பினர். வயலை அறுவடை செய்யாமல் விட்டவர்களும் இருந்தனர். அந்த நாள் வந்தது, போயிற்று. மில்லர் கபடமில்லாத மனிதர். வேதாகமத்தை ஊன்றிப் படித்தவர். ஆயினும் தம் கணக்கையே கடவுளின் வார்த்தையாக எண்ணிக்கொண்டார். இறைவாக்குகள் எவருடைய சொந்த விளக்கத்துக்கும் உரியவையல்ல என்று இராயப்பரின் இரண்டாம் நிருபம் (1:20) எச்சரிப்பது இதனாலேயே.

நாமும் சிலவேளை கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைக் கொண்டு கலியாணத்துக்கும் பயணத்துக்கும் குறி பார்க்கிறோம். அது வாசிப்பல்ல, சாத்திரம் பார்ப்பது.

திருச்சபை காட்டும் வழி

பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1943இல் எழுதிய சுற்றுமடலும், 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18ஆம் திகதி வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் நமக்குத் தெளிவான வழி காட்டுகின்றன. கடவுள் மனிதரைக் கொண்டு, மனித முறையிலேயே பேசினார். ஆகவே அந்த ஆசிரியர் என்ன சொல்ல எண்ணினார் என்பதை முதலில் ஆராய வேண்டும்.

இப்பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் செய்தி வருகிறது, கவிதை வருகிறது, மரண அறிவித்தலும் வருகிறது. எல்லாவற்றையும் நீங்கள் ஒரே விதமாக வாசிப்பதில்லை. வேதாகமமும் வரலாறு, பாடல், உவமை, நிருபம், காட்சி எனப் பல வகை எழுத்துக்கள் அடங்கிய நூற்றொகுதி. எனவே ஒரு பகுதியை வாசிக்கும்போது நான்கு காரியங்களைக் கவனியுங்கள்:

1. இது எவ்வகை எழுத்து? யாருக்கு எழுதப்பட்டது?
2. இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது?
3. வேதாகமத்தின் மற்றப் பகுதிகள் இதுபற்றி என்ன சொல்கின்றன?
4. அப்போஸ்தலர் காலந்தொட்டுத் திருச்சபை இதை எப்படி விசுவசித்து வருகின்றது?

திருச்சபையின் போதனை அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல. அதற்கு ஊழியம் செய்வது என்றே சங்கம் கூறுகின்றது. இசையாஸ் ஆகமத்தைத் தனியே வாசித்துக்கொண்டு தேரில் சென்ற எத்தியோப்பிய அதிகாரி, தனக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டுமென்று சொல்ல வெட்கப்படவில்லை. பிலிப்புவைத் தன் அருகில் ஏற்றிக்கொண்டார் (அப். பணி 8:26-35).

தனிப்பட்ட வாசிப்பு வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். ஏறத்தாழ 270ஆம் ஆண்டில், எகிப்து நாட்டு இளைஞர் ஒருவர் கோவிலில் நுழைந்தபோது, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி ஆண்டவர் செல்வந்த இளைஞனுக்குக் கூறிய பகுதி வாசிக்கப்பட்டது (மத். 19:21). அது தமக்கே சொல்லப்பட்டதாக ஏற்று, தம் நிலபுலங்களைக் கொடுத்துவிட்டார். அவரே வனத்து அந்தோனியார். அவர் புதிய போதனை எதையும் உண்டாக்கவில்லை. எல்லாரும் விற்றேயாக வேண்டும் என்று அயலவரை நெருக்கவுமில்லை. தம் தங்கையையும் தெருவில் விடாமல், நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்த பின்பே துறவு பூண்டார். வசனத்தின் பொருளை மாற்றாமல் தம் வாழ்வை மாற்றினார். சொந்த விளக்கத்துக்கும் சொந்த வாழ்வில் ஏற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

புனித அகுஸ்தீனார் நமக்கு நல்லதோர் உரைகல்லைத் தருகிறார். இறையன்பையும் பிறரன்பையும் வளர்க்காத எந்த விளக்கமும் வேதாகமத்தைச் சரியாக விளங்கிக்கொண்டதாகாது என்பது அவர் போதனை.

ஆகவே, பெற்றோரே, சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்ததும் அடுத்த நாள் நற்செய்தியைப் பிள்ளைகளில் ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். மேற்சொன்ன கேள்விகளை ஒன்றாய்க் கேட்டுப் பாருங்கள். விளங்காததைக் குறித்துவைத்து உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். படலையடியில் வந்து ஒரு வசனம் சொல்பவரோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம். "இருங்கள், அந்த அதிகாரம் முழுவதையும் சேர்ந்து வாசிப்போம்" என்று அன்போடு சொல்லுங்கள்.

கடைசியாக ஒவ்வொருவரும் தம்மையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் இன்று வாசித்த வசனம் என்னைத் திருத்துகிறதா, அல்லது மற்றவரை அடிக்க என் கையில் தடியாக இருக்கிறதா?