45 கிரெடிட்டோடு மாறலாமா?

கேள்வி: என் மகன் நியூ ஜெர்சியின் எடிசனில் உள்ள மிடில்செக்ஸ் காலேஜில் பிசினஸ் படிக்கிறான். 45 கிரெடிட் முடித்துவிட்டான், ஏ.எஸ். என்னும் இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு ஒரு செமஸ்டர் பாக்கி. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் 12 கிரெடிட் மேஜருக்குச் சேராது, எலெக்டிவ் கணக்கில்தான் வரும் என்கிறார்கள். நான் போன் செய்தால் பேசவே மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?
- ஒரு தந்தை, மான்மவுத் ஜங்ஷன்

பதில்: போடலாம், லாபம் வக்கீலுக்குத்தான். படிப்பு சம்பந்தமான முடிவுகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் லேசில் கை வைப்பதில்லை. 1985-ல், மிச்சிகன் பல்கலைக்கழகம் நீக்கிய ஈவிங் என்ற மாணவரின் வழக்கில், ஆசிரியர்களின் தொழில்முறைத் தீர்ப்பை நீதிபதிகள் பெரிதும் மதிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது கிரெடிட் வழக்கு அல்ல. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான்.

நியூ ஜெர்சி மாணவர்களுக்கு வேறொரு பிடிமானம் உண்டு. அப்போதைய மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பமீலா லாம்பிட்டின் பெயரால் 'லாம்பிட் சட்டம்' என்று வழங்கும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன்படி அமைந்த மாநில ஒப்பந்தம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கம்யூனிட்டி காலேஜில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். பட்டம் முடித்தவர் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், அந்தப் பட்டத்தை இளங்கலையின் முதல் இரண்டு ஆண்டுகளாக முழுமையாக ஏற்க வேண்டும்.

'முடித்தவர்' என்பதில்தான் இந்தத் தந்தையின் சிக்கல் இருக்கிறது. பாதியில் கிளம்புகிறவரின் பாடங்கள் ஒவ்வொன்றாக எடைபோடப்படும். எது மேஜருக்கு, எது எலெக்டிவுக்கு என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். பட்டம் முடித்தாலும் விரும்பிய மேஜரில் இடம் உறுதியில்லை. அதற்குத் தேவையான பாடம் விட்டுப்போயிருந்தால் படித்துத்தான் ஆக வேண்டும். தொழில்சார்ந்த ஏ.ஏ.எஸ். பட்டத்துக்கு இந்த உரிமை இல்லை. மான்மவுத் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்தாலும் பிரின்ஸ்டன் தனியார் பல்கலைக்கழகம் என்பதால் அதை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

இழப்பு சிறியதல்ல. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்ததாக அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது.

போனில் பேச மறுப்பது அவமதிப்பு அல்ல. 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கல்விப் பதிவேடுகளின் மீதான உரிமை மாணவருடையது. ஃபீஸ் கட்டுவது அப்பாவாக இருக்கலாம், அதனால் உரிமை வந்துவிடாது! மகனை வருமான வரியில் டிபென்டென்ட்டாகக் காட்டியிருந்தால் கல்லூரி விவரம் தரலாம். தந்தே தீர வேண்டும் என்பதில்லை. மகனே சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பது சுலபம்.

மகன் எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் 'செவிஸ்' பதிவையும் பழைய கல்லூரியிலிருந்து மாற்ற வேண்டும். அது தனி வேலை.

சேர்க்கையை ஒரு செமஸ்டர் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் மகனை உடனே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். முடியுமென்றால் மீதி 15 கிரெடிட்டை முடித்துவிட்டே போகட்டும். எடுக்கும் பாடங்களை 'என்.ஜே. டிரான்ஸ்ஃபர்' தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கட்டும். முடியாதென்றால், அந்த 12 கிரெடிட்டுக்குரிய சிலபஸ்களை இணைத்து, சம்பந்தப்பட்ட துறையிடம் மறுமதிப்பீடு கோரி மகனே விண்ணப்பிக்க வேண்டும்.