மின்கலம் வேண்டா வானொலி

மரக்காணத்து உப்பளக் கரையிலுள்ள ஊர்களுக்குப் புயலும் மின்தடையும் புதியன அல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையேறியது. மின்சாரமும் மின்கலமும் இன்றி இயங்கும் எளிய வானொலியொன்றின் அமைப்பையும், புயற்காலத்தில் அஃது எவ்வளவு உதவும் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

வானொலி நிலையத்தினின்று வரும் நடுத்தர அலை நொடிக்குப் பல இலட்சம் முறை அதிர்வது. பேச்சும் இசையும் அவ்வலையின் ஏற்றத்தாழ்வுகளாக அமைந்து வருகின்றன. அலை இருபுறமும் சமமாய் ஆடுதலின், அதனை நேரே செலுத்தினால் காதொலிக் கருவியின் தகடு அசையாது நிற்கும். மின்னோட்டத்தை ஒருபுறமே செல்லவிடும் பொருளொன்றை இடையில் வைப்பின், அலையின் ஒரு பாதி நீங்க, ஏற்றத்தாழ்வு ஒலியாக வெளிப்படும். இப்பொருளே டிடெக்டர் எனப்படும். ஜகதீச சந்திர போஸ் கலீனா என்னும் ஈயத்தாதுவினால் இத்தகைய கருவி அமைத்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இக்காலத்தில் ஜெர்மானியம் டயோடு அவ்வேலையைச் செய்யும். சிலிக்கன் டயோடு ஏறக்குறைய 0.6 வோல்ட் இன்றி வழிவிடாது, ஜெர்மானியமோ 0.2 வோல்ட் அளவிலேயே வழிவிடும்.

இனி அமைக்கும் முறை. 7.5 செ.மீ. குறுக்களவுள்ள அட்டைக்குழாயில் 0.5 மி.மீ. எனாமல் செப்புக்கம்பியை நெருக்கமாக 52 சுற்றுச் சுற்றுக. சுருளின் இரு முனைகளையும் 365 பிக்கோபாரட் மாறும் கண்டென்ஸரோடு இணைக்க. கீழ்முனையை நிலத்தில் அடித்த செப்புக்கோலோடு சேர்க்க. மேல்முனையினின்று டயோடு, அதனையடுத்து 2000 ஓம் காதொலிக் கருவி, அதன் மறுமுனை நிலத்தொடர்பு என முறையே பிணைக்க. உயரக் கட்டிய 15 மீட்டர் ஏரியல் கம்பியை, கீழ்முனையிலிருந்து எண்ணி 15ஆம் சுற்றில் எனாமலைச் சுரண்டி இணைக்க. கைப்பேசியின் சிறு காதொலிக் கருவி இதற்கு உதவாது.

உப்பளக் கரைக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. உப்பீரம் நிறைந்த மண் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலின், நல்ல நிலத்தொடர்பு எளிதிற் கிட்டும். ஆயின் அவ்வுப்பே இரும்பை விரைந்து அரிக்கும், செம்பே கொள்க.

எனினும் இக்கருவி ஒலியைப் பெருக்குவதன்று. வரும் அலையின் ஆற்றல் ஒன்றாலேயே இயங்குவது. அண்மையில் நடுத்தர அலை நிலையம் இயங்கினாலன்றி எதுவும் கேளாது. மின்கம்பிகளுக்கு அருகில் ஏரியல் கட்டுதல் உயிர்க்கு இடையூறு. இடிமின்னல் தோன்றுமுன்னரே ஏரியலைக் கருவியினின்று கழற்றி நிலத்தோடு பிணைத்தல் வேண்டும்.

ஆகவே புயல் வீசுங்கால் இக்கருவி வாளாவிருத்தலே முறை. புயலெச்சரிக்கை கேட்பதற்கு மின்கல வானொலியையே வைத்துக்கொள்க. வானம் தெளிந்து, மின்கலமும் தீர்ந்த நாளிலேயே நம் கையாற் சுற்றிய இச்சுருள் துணையாகும். இவ்வேறுபாட்டை உணர்ந்து இதனை அமைத்துப் பார்க்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம்.