தடுப்பூசிக்கு ஒரு குறுஞ்செய்தி



மின்னணுவியல் மூன்றாமாண்டு படிக்கும் நான், எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா முந்திரி ஆலைக்குப் போகிறவர். வீட்டுக்கு வரும் காகிதம், மெசேஜ் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது என் வேலை. அப்படி வாசிக்காமல் போன ஒரு மெசேஜே இக்கட்டுரைக்குக் காரணம்.

அக்கா மகனுக்கு 14-வது வார ஊசி தப்பிப்போயிற்று. நினைவூட்டும் எஸ்.எம்.எஸ். வரத்தான் செய்தது. ஆனால் அது அத்தான் போனுக்கு, ஆங்கிலத்தில் வந்தது. தேங்காய்ப்பட்டணத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர், ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அந்தப் போனை அம்மா என்னிடம் நீட்டி, "மக்களே, இதுல என்னவாக்கும் எழுதியிருக்கு?" என்றார். வாசித்ததும் எனக்குப் பகீரென்றது. கர்ப்பப் பதிவின்போது, "அத்தான் நம்பரே போதும்" என்று சொன்னவன் நானேதான்.

தவறினால் என்ன?

6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ்-பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்தையும் தடுக்கிறது. மூன்று தவணையும் முடிந்தால்தான் முழுப் பாதுகாப்பு. தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தாமதிக்கும் நாளெல்லாம் குழந்தைக்குப் பாதுகாப்புக் குறைவு.

செய்தி மட்டும் போதுமா?

2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிய யு-வின் முறை, அடுத்த தவணையை எஸ்.எம்.எஸ். மூலம் நினைவூட்டுகிறது. கென்யாவில் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. அங்கே செய்தி வராத கிராமங்களில் 82 சதவீதக் குழந்தைகள் எல்லா ஊசியும் போட்டிருந்தனர். செய்தி மட்டும் வந்த இடத்தில் 86. செய்தியோடு 200 ஷில்லிங் கொடுத்த இடத்தில் 90. ஹரியானாவில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் செய்த ஆய்வில், செய்தியோடு ஊரில் நாலு பேரிடம் பேசிப் பழகும் ஆட்களும் தகவல் சொன்னதே குறைந்த செலவில் அதிகப் பலன் தந்தது. ஆக, செய்திக்குப் பின்னால் ஒரு மனிதர் வேண்டும்.

தமிழில் அனுப்ப முடியாதா?

முடியும். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 குறிகள்தான். 'தடுப்பூசி' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. மெய்ப்புள்ளி, கால், கொம்புகளைத் தனித்தனியே எண்ணும் போனுக்கு ஒன்பது. எனவே சுருக்கமாக எழுத வேண்டும். நான் எழுதிப் பார்த்தது:

"14 வார ஊசி: வரும் புதன், சுகாதார நிலையம். அட்டை கொண்டு வாங்க."

எண்ணினால் 61 வருகிறது. ஒரே செய்தியில் அடங்கிவிடும். அம்மாவும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார்!

நாம் செய்ய வேண்டியது

அடுத்த புதன்கிழமையே பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, அக்காவின் நம்பரையும் மாற்றிவிட்டோம். நண்பர்களே, உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பதிவில் இருப்பது யார் நம்பர்? வருகிற செய்தியை அந்த வீட்டில் யார் வாசிப்பார்கள்? வாசிக்க ஆள் இல்லையென்றால் அந்த ஆளாக நீங்கள் இருங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம் தெருவுக்குப் பயன்படட்டும்.