அகலக்கோண லென்ஸைத் தெரிந்தெடுத்தல்

நடுத்தர அளவுப் பிலிம் காமராவுக்கு அகலக்கோண லென்ஸ் ஒன்று வாங்கக் கருதுவோர் முதலிற் கேட்பது, “எது மிகுந்த இடத்தை உட்கொள்ளும்?” என்பதே. நாமும் அவ்வாறே கேட்டு, ஹாஸல்பிளாட் காமராவுக்கு 40 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கினோம். பின்பு ஒருநாள், குறுகிய தாழ்வாரமொன்றில் ஆசிரியர் எழுவரை நாற்காலிகளில் அமர்த்தி, எழுவரைப் பின்னே நிறுத்தி, பத்தடி தூரத்திலிருந்து படமெடுத்தோம். பதினால்வரும் அடங்கினர்; நமக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓரத்து நாற்காலியில் இருந்தவர் நம் தமிழாசிரியர், மெலிந்த முகத்தினர். படத்திலோ அம்முகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அகன்று, வேறொருவர் முகம்போற் காணப்பட்டது. மறு ஆண்டு அவர் காலமானார். அவரது மனைவியார் படம் வேண்டினார். நம்மிடம் இருந்தது அந்நெகட்டிவ் ஒன்றே. அம்மையார் அதை நெடுநேரம் பார்த்து, “இது அவர் முகமில்லையே” என்றார்.

இதில் லென்ஸின் குற்றம் யாதுமில்லை. தட்டையான பிலிமில், நேர்கோடுகள் நேராகவே விழுமாறு உருவம் அமையவேண்டுமாயின், ஓரத்திலுள்ள உருண்டைப் பொருள் வெளிப்புறமாக நீண்டே தீரும். 120 எண் பிலிமில் எடுக்கும் சதுரப் படத்தின் பக்கம் உண்மையில் 56 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் லென்ஸில் அதன் பக்க ஓரத்தில் இந்நீட்சி நூற்றுக்கு 22, 50இல் 15, வழக்கமான 80இல் 6 மாத்திரமே. மூலைகளில் இன்னும் மிகும். தாழ்வாரத்தை விட்டு முற்றத்துக்குச் சென்று, இருபதடி தூரத்தில் நின்று 80 லென்ஸால் எடுத்திருப்போமாயின், அதே பதினான்கடி அகலமும் அடங்கியிருக்கும். அவர் முகமும் பிழைத்திருக்கும். ஆதலின், பின்செல்ல இடமுண்டா என்பதே முதற்கேள்வி.

பின்செல்ல இடமில்லாதவிடத்து அகலக்கோண லென்ஸின் அருமை தோன்றும். கோபுரத்தைக் காணக் காமராவை அண்ணாந்து பிடித்தால், கோபுரம் பின்னே சாய்வதுபோல மேலே குறுகும். மட்டமாகப் பிடித்தாலோ உச்சி அடங்காது. காமராவுக்கு மேல் 60 அடி உயர்ந்த கோபுரத்தை மட்டமாய்ப் பிடித்து அடக்க, 80 லென்ஸுக்கு ஏறக்குறைய 171 அடி பின்செல்ல வேண்டும். 50க்கு 107 அடி. 40க்கு 86 அடி. படத்தின் கீழ்ப்பாதியில் வெறுந்தரை விழுமே எனின், அதை வெட்டி நீக்கலாம். சிறு பிலிமிற் பாதியை இழந்தால் மிஞ்சுவது சொற்பம், இப்பிலிமிலோ பாதியே போதும்.

இனி லென்ஸின் அமைப்பு. ஹாஸல்பிளாட் 500 வரிசைக் காமராவில், லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு கண்ணாடி மேலெழுந்து தாழும். குறுங்குவிய லென்ஸ் பிலிமை நெருங்கி நிற்க அக்கண்ணாடி இடங்கொடாது. எனவே ஸைஸ் கம்பெனியாரின் டிஸ்டகான் லென்ஸ்களில், ஒளியை விரிக்கும் கண்ணாடிகளை முன்னே வைத்து, பின்னே குவியதூரத்தினும் மிகுந்த இடைவெளி உண்டாக்கினர். பருமனும் கனமும் அதனால் வந்தவை. பெர்ட்டலே என்பார் வகுத்த 38 மில்லிமீட்டர் பயகானோ பிலிமை ஏறக்குறையத் தொட்டு நிற்பது. கோடுகளை வளைக்காது காட்டுவதில் இணையற்றது. அதற்கெனக் கண்ணாடியே இல்லாத தனிக் காமரா 1954ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதில் லென்ஸின் வழியே பார்த்து எடுத்தல் இயலாது. மேலே பொருத்திய நோக்கியாற் சட்டமிட்டு, தூரத்தை அளவுகோல் கண்டு வைக்கவேண்டும். கட்டடம் எடுப்பார்க்கு அது தகும். ஓடியாடும் பிள்ளைகளை எடுப்பார்க்குத் தகாது.

ஒன்றே வாங்க வசதியுடையார் 50ஐ வாங்குக என்பது நம் துணிபு. 60 குழுப்படங்களுக்கு இனிது, ஆயினும் 80க்கு மிக அண்மையது. 40 மூன்றாவதாக வரட்டும்.

இவ்வரிசைக் காமராக்கள் 2013ஆம் ஆண்டோடு நின்றுபோயின; கிடைப்பன பழையனவே. ஷட்டர் ஒவ்வொரு லென்ஸினுள்ளும் இருப்பதால், முழுச் செகண்டு வேகத்தில் வைத்து இடையில் நின்றுவிடாமல் ஓடுகிறதா என்று கேட்டறிக. பின் விளக்கொளியிற் பிடித்து உட்கண்ணாடிகளைப் பார்க்க. நம் கடற்கரையூர்களின் ஈரத்தில் சிலந்திவலைபோற் பூஞ்சை படர்ந்திருக்கும். அத்தகையதை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுக.