உயர்த்திய ஜீப்பும் பற்சக்கரக் கணக்கும்

மைசூரிலிருந்து சாமராசநகர் வழியாகச் சத்தியமங்கலம் செல்லும் நம்மவர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை நன்கறிவர். ஏறும்போது எஞ்சினின் இழுவிசையும், இறங்கும்போது எஞ்சின் தரும் தடையும் எத்துணை இன்றியமையாதவை என்பதை அப்பாதை புலப்படுத்தும். இவ்விரண்டையும் வரையறுப்பதில் டிபரன்ஷியல் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பற்சக்கரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் பூட்ட விழையும் நண்பர்கள் முதலில் அவற்றின் கணக்கை அறிதல் நலம்.

எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் இருப்பது பினியன் என்னும் சிறு பற்சக்கரம். அதனோடு இணைந்து சுழல்வது கிரௌன் என்னும் பெருஞ்சக்கரம். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பில் பினியனுக்கு 8 பற்கள், கிரௌனுக்கு 39. 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.88. அதாவது, தண்டு 4.88 முறை சுழன்றால் வண்டிச் சக்கரம் ஒருமுறை சுழலும். சுழற்சி குறையும் அளவுக்குத் திருப்புவிசை பெருகும். 1945-இல் பொதுமக்களுக்கென வந்த சி.ஜே.2ஏ ஜீப்பில் கிரௌன் பற்கள் 43 ஆயின, விகிதம் 5.38 ஆயிற்று. கலப்பை இழுக்க வேகத்தினும் விசையன்றோ வேண்டும்?

வண்டியை உயர்த்துவதால் மட்டும் இவ்விகிதக் கணக்கு மாறுமா? மாறாது. ஸ்பிரிங்கின் மேல் உடற்பகுதி எவ்வளவு உயர்ந்தாலும் அச்சு இருந்த உயரத்திலேயே இருக்கும். கணக்கைக் குலைப்பது டயரே. 28 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றி, 31 அங்குல டயர் பூட்டினோம் என்று கொள்வோம். அச்சு உயர்வது ஒன்றரை அங்குலமே. ஆனால் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு 88 அங்குலத்திலிருந்து 97 அங்குலம் ஆகிவிடும். தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து குறையும். 4.88 விகிதம் 4.41 போல் ஆகிவிடும். வேகமானியும் பொய்யுரைக்கும், முள் 50 காட்டும்போது வண்டி 55-இல் ஓடும்.

இதற்குப் பரிகாரம் எளிய பெருக்கல். பழைய விகிதத்தைப் புதிய விட்டத்தால் பெருக்கி, பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். 4.88-ஐ 31-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் 5.40 வரும். மேலே கண்ட 5.38 இதற்கு மிக நெருங்கியது. அதைப் பூட்டினால் இழுவிசையும், வேகமானியின் உண்மையும், இறக்கத்தில் எஞ்சின் தரும் தடையும் மீண்டும் பழைய நிலையை எய்தும்.

ஆயினும் மூன்று செய்திகளை மறத்தலாகாது.

முதலாவது, முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் ஒரே விகிதம் வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் ஜீப்பின் இரு தண்டுகளும் ஒரே வேகத்தில் பிணைக்கப்படுகின்றன. விகிதங்கள் வேறுபட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயலும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும்; உலர்ந்த சாலையில் அந்த முறுக்கம் தண்டையோ பல்லையோ உடைக்கும்.

இரண்டாவது, கிரௌனும் பினியனும் இணையாகவே செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றலாகாது. பற்களின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. மெல்லிய தகடுகளை இட்டு அதைச் சரிசெய்து, பற்களில் சாயம் பூசிச் சுழற்றி, அவை பதியும் இடத்தைப் பார்த்தே தேர்ந்த மெக்கானிக் பெட்டியை மூடுவார்.

மூன்றாவதே தலையாயது. புதிய பற்சக்கரம் எஞ்சினின் குறையைத் தீர்க்கும். பிரேக்கின் குறையைத் தீர்க்காது. பிரேக் செயற்படுவது டிபரன்ஷியலுக்கு அப்பால், சக்கரத்தில். பெரிய டயரை அதே தொலைவில் நிறுத்த, பிரேக் நூற்றுக்குப் பதினொன்று கூடுதலாக உழைக்க வேண்டும். உயர்ந்த வண்டியின் எடைமையமும் மேலே சென்றிருக்கும். திம்பத்தின் வளைவில் இவ்விரண்டும் ஒருங்கே சோதிக்கப்படும்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆகவே, உயர்த்திய ஜீப்பைக் கண்டு வியக்கும் நண்பர்களே, அதன் உயரத்தை அளக்குமுன் அதன் பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள்.