ஈர்ப்பும் மின்சாரமும் ஒன்றா?

நம்பிக்கை: ஈர்ப்பு என்பது உருமாறிய மின்காந்த விசைதான். விஞ்ஞானிகள் இதை ஆராயவே மறுக்கிறார்கள்.

உண்மை: ஆராய்ந்தவர் வேறு யாருமல்ல, மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே. 1849-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் விரிவுரைக் கூடத்தின் உயரத்திலிருந்து கம்பிச் சுருளைக் கீழே மெத்தையில் விழவிட்டார். சுருளின் இரு முனைகளும் நீண்ட கம்பிகள் வழியே, மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரோடு இணைந்திருந்தன. விழும்போது மின்னோட்டம் பிறந்தால் அதன் முள் அசைய வேண்டும். வேறு காரணங்களால் வந்த அசைவுகளைக் களைந்த பிறகு எதுவும் மிஞ்சவில்லை. தொடர்பு இருக்கிறது என்று ஃபாரடே அதன் பிறகும் நம்பினார். ஆனாலும் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை வணங்கலாம்.

ஈர்ப்பு மின்விசையிலிருந்து பிறந்தது என்றால், பொருளுக்குப் பொருள் விழும் வேகத்தில் சிறு வேறுபாடாவது தெரிய வாய்ப்புண்டு. மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோள் டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் ஒப்பிட்டது. 2022-இல் வந்த இறுதி முடிவு: ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற நுட்பத்தில் பார்த்தும் வேறுபாடு இல்லை.

நம்பிக்கை: உயர் மின்னழுத்தத்தால் ஈர்ப்பை முறியடிக்கலாம், அலுமினியத் தாளும் மெல்லிய கம்பியும் கொண்ட 'லிஃப்டர்' மிதக்கிறதே!

உண்மை: மிதப்பது நிஜம். தூக்குவது காற்று. கம்பியருகே மின்னூட்டம் பெற்ற அயனிகள் தாளை நோக்கிப் பாயும்போது காற்றையும் கீழே தள்ளுகின்றன. வெற்றிடத்தில் வைத்தால் அந்த உந்துதல் இல்லை. பல ஆயிரம் வோல்ட் சமாச்சாரம். பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.

நம்பிக்கை: குவாண்டம் உலகத்தில் ஈர்ப்புக்கு வேலையே இல்லை.

உண்மை: 1975-இல் கொலெல்லா, ஓவர்ஹவுசர், வெர்னர் மூவரும் ஒரு நியூட்ரான் கற்றையை சிலிக்கான் படிகத்தால் இரு பாதைகளாகப் பிரித்தார்கள். கருவியைச் சாய்த்து ஒரு பாதையை மற்றதைவிடச் சற்று உயர்த்தியதும், இரண்டும் மீண்டும் சேரும் இடத்தில் அலைகளின் பொருத்தம் மாறியது. புவியீர்ப்பையும் குவாண்டம் விதியையும் சேர்த்துப் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போனது. நியூட்ரானுக்கு மின்னூட்டமே கிடையாது, அதனால் இது மின்விசையின் வேலை அல்ல என்பதைக் கவனியுங்கள். ஈர்ப்பு விசையே குவாண்டம் தன்மை கொண்டதா என்பதற்குத்தான் இன்னும் சோதனைச் சான்று இல்லை.

ஈர்ப்பு, மின்சாரம், குவாண்டம் எல்லாவற்றையும் இணைத்துவிட்டேன் என்று யாராவது புதுக் கொள்கையோடு வந்தால், அந்த நியூட்ரான் சோதனையில் அலைகளின் பொருத்தம் எவ்வளவு மாறியது என்ற எண்ணை உங்கள் சூத்திரத்திலிருந்து வரவழைத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.